லேபிளில் முதல் பெயர்

சாஸ் பாட்டிலுக்குள் யாருக்கு எடை அதிகமோ, அவர் பெயர்தான் லேபிளில் முதலில் வரும். அதில் சர்க்கரைதான் அதிகம். தக்காளிக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"படம் என்னோடது, முதல் பேரு உன்னோடதா? படிக்கிறவன் அலமாரியிலேயே திருப்பி வச்சிட்டுப் போயிடுவான். இறங்குடா கீழே" என்று சீறியது.

"பேருக்கு எதுக்குண்ணே சண்டை? நீங்களே மேலே இருங்க" என்றது சர்க்கரை.

இவ்வளவு சுலபமாக எவனும் இறங்கி வந்து தக்காளி பார்த்ததில்லை. "பதிலுக்கு என்ன கேக்கப்போற?"

"ஒண்ணும் வேணாம்ணே."

சர்க்கரை தன்னையே மூன்றாகப் பிரித்து, சர்க்கரை, குளுக்கோஸ் சிரப், டெக்ஸ்ட்ரோஸ் என்று தனித்தனியாக எழுதிக்கொண்டது. மூன்றில் எதுவும் தக்காளியின் எடைக்கு வரவில்லை.

கடையில் ஒரு அம்மா, "தக்காளிதான் முதல்ல போட்டிருக்கான்" என்று பாட்டிலைக் கூடையில் வைத்தாள். தக்காளி பெருமையாக நெஞ்சை நிமிர்த்தப் பார்த்தது. இடமில்லை.

"கொஞ்சம் ஒடுங்கி உக்காருங்கண்ணே" என்று மூன்று பக்கமிருந்தும் ஒரே குரல் கேட்டது.