ஒரு போர்ட் திறக்கணும்

“முடியாது மேடம். ஒருத்தருக்குத் திறந்தா ஊருக்கே திறந்த மாதிரி.”

நெட்வொர்க் அதிகாரி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பல்கலைக்கழகம் முழுக்க அவருக்குப் ‘பூட்டு சார்’ என்றுதான் பெயர். ஃபயர்வாலில் ஒரு போர்ட் திறக்கச் சொல்வது, அதாவது வெளியில் இருக்கும் கம்ப்யூட்டர் உள்ளே வர ஒரு வாசல் விடச் சொல்வது, அவரிடம் கல்லில் நார் உரிக்கிற வேலை. இன்று பசி வேறு. காலையில் மனைவி அசந்து தூங்கிவிட்டாள். டிபன் பாக்ஸ் வரவில்லை. அதற்கு ஒரு கச்சேரி நடத்திவிட்டுத்தான் வீட்டிலிருந்து கிளம்பியிருந்தார்.

“ஊருக்கெல்லாம் வேண்டாம் சார். ஒரே ஒரு ஸ்டூடண்ட்,” என்றபடி புள்ளியியல் பேராசிரியை தானாகவே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “எங்க டிபார்ட்மெண்ட் சர்வர்ல அவங்க கணக்கு ஓடணும். வெள்ளிக்கிழமை ரிசல்ட் குடுக்கலைன்னா மொத்தப் படிப்பும் போச்சு.”

“வெளியிலிருந்து வர்றவங்களுக்குன்னு விபிஎன்னு பாதுகாப்பான வழி இருக்கே, அது வழியா வரச் சொல்லுங்க.”

“சாஃப்ட்வேர் பழசு சார். அதுல கனெக்‌ஷன் அறுந்து அறுந்து போகுது.”

“அப்ப லேபுக்கு வரச் சொல்லுங்க. வந்தா கால் தேஞ்சா போயிடும்?”

“மாமியார் படுத்த படுக்கை. பகல்ல அவங்களை விட்டு நகர முடியாது. வீடு அடங்கினப்புறம்தான் உக்காந்து படிக்கிறாங்க. கல்யாணத்தோட விட்ட படிப்பு சார் அது.”

பூட்டு சார் இப்போதுதான் திரும்பினார்.

“புருஷன்னு ஒருத்தன் இருப்பானே?”

“இருக்கார். ஆனா அவருக்கே தெரியாது. ‘இந்த வயசுல உனக்கெதுக்குப் படிப்பு’ன்னு சிரிப்பாராம். பாஸ் பண்ணினப்புறம் சொல்லிக்கிறேன்னு சொல்றாங்க.”

“என்ன மனுஷன் மேடம் அவன்! ஒரே வீட்ல இருந்துக்கிட்டு இதுகூடத் தெரியலைன்னா கண்ணு எங்க இருக்கு, பொடனியிலயா?”

அவருக்கு நிஜமாகவே கோபம் வந்தது. முகம் தெரியாத அந்தப் பெண்ணை நினைத்து மனசும் இளகியது.

“சரி, பாக்கலாம். ஆனா ஒரு சிக்கல். வீட்டு இன்டர்நெட்டுக்கு ஐபி நம்பர் அடிக்கடி மாறும். மாறுற நம்பருக்குத் திறந்துவிட எனக்கே அனுமதி இல்ல.”

“மாறாத நம்பர்தானாம் சார். அவங்க வீட்டுக்காரர் ஏதோ ஆபீஸ் வேலைக்காக வாங்கி வெச்சிருக்காராம்.”

“அடடே! அந்த ஆளால இந்த ஒரு உபகாரமாவது நடந்துச்சே!”

பூட்டு சார் சிரித்தார். அவர் சிரித்துப் பேராசிரியை பார்த்ததே இல்லை. கீபோர்டை முன்னால் இழுத்துக்கொண்டு, “சொல்லுங்க,” என்றார்.

பேராசிரியை கைப்பேசியைப் பார்த்து ஐபியின் நான்கு எண்களை ஒவ்வொன்றாகப் படித்தார். மூன்றாவது எண்ணைக் கேட்டதும் பூட்டு சாரின் விரல்கள் நின்றன. சிரிப்பும் நின்றது. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன சார், மறுபடியும் முடியாதுன்னு சொல்லிடாதீங்க. தூக்கம் கெட்டுப் பாடுபடுறாங்க, பாவம்.”

பூட்டு சார் மெதுவாக எதையோ தட்டினார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார்.

“திறந்துட்டேன் மேடம்.”

“கடைசி எண்ணை நான் இன்னும் சொல்லவே இல்லையே?”

“சொல்ல வேணாம்,” என்றார் பூட்டு சார். “எங்க வீட்டு நம்பர் எனக்குத் தெரியாதா? நான் கண்டுபிடிச்சிட்டேன்னு மட்டும் அவகிட்ட சொல்லிடாதீங்க மேடம். பாஸ் பண்ணினப்புறம் அவளே சொல்லட்டும்.”