தாய்வழி

"இவள யாரு இங்க கூப்பிட்டது?"

ஆஸ்பத்திரி வராந்தாவில் தங்கை முத்துமாரியைப் பார்த்ததும் வேல்ராஜ் கத்தினான்.

தாராவியில் பட்டறை எரிந்து மூன்று பேர் வெறும் எலும்பாகக் கிடைத்தார்கள். ஒருவன் இவர்களுடைய தம்பி நாகராஜ். எது நாகராஜ் என்று தெரியாமல் ஒரு மாதமாகப் பிணவறையிலேயே கிடக்கிறான்.

"நான்தான் வரச் சொன்னேன்," என்றாள் தடயவியல் அதிகாரி ஷாலினி. "இப்படிக் கருகின எலும்புல தாய்வழி டி.என்.ஏ.தான் கிடைக்கும். ஒரு தாய் வயித்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் அது ஒண்ணாவே இருக்கும். அதனாலதான் ரெண்டு பேர்கிட்டயும் சாம்பிள் எடுத்தோம்."

"மூத்த ஆம்பள நான் இருக்கும்போது காலிபீலியா, வீணா இவ சாம்பிள் எதுக்கு மேடம்? கோவண்டிக்கார முஸ்லிம் பாயைக் கல்யாணம் கட்டிக்கிட்டுப் போனவ!"

ஷாலினி கையிலிருந்த கோப்பைத் திறந்தாள்.

"ரிப்போர்ட் வந்துடுத்து. ரெண்டாவது பெட்டியில இருக்கற எலும்புதான் நாகராஜ்."

வேல்ராஜ் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். "ஏலே தம்பி, அண்ணன் ரத்தம் உன்னக் கண்டுபிடிச்சிட்டு, பாத்தியாலே!" அழுகையைவிடப் பெருமைதான் தூக்கலாக இருந்தது.

ஷாலினி ஏதோ சொல்ல வந்தாள். முத்துமாரி அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். "அண்ணனே கையெழுத்துப் போடட்டும் மேடம்."

போட்டான். பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டான்.

"அண்ணே, ஒரே ஒரு தடவை தொட்டுக்கிடுதேன்."

"கைய எடு. தம்பி கடைசியா வீட்டுக்கு வாரான். சுத்தமா வரட்டும்."

வண்டி போய்விட்டது. நீட்டிய கையை மடக்கத் தெரியாமல் நின்றாள் முத்துமாரி.

ஷாலினிக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "என்னம்மா நீ, இப்படியா வாயை மூடிண்டு நிப்பே? பொருந்தினது உன் சாம்பிள் மட்டும்தான். அவரோடது எதுலயும் சேரலை. உங்கம்மா வயித்துல பொறந்தவரே இல்லை அவர். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்தப் பெட்டி இப்ப உன் கையில இருந்திருக்கும்!"

முத்துமாரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"தெரியும் மேடம். அவன் தாங்கமாட்டான், சொல்லிராதேன்னு அம்மா கண்ண மூடுறதுக்கு முந்தி எங்கிட்ட மட்டும் சொல்லிட்டுப் போனா. அண்ணன் என்னைய வீட்டவிட்டு அடிச்சு விரட்டுனப்பவே சொல்லல. இப்பவா சொல்லப் போறேன்?"