ஜெயில் காய்ச்சல்

"உள்ள வந்து எத்தனை மாசம் கழிச்சும்மா உனக்கும் ஓபலுக்கும் இது ஆரம்பிச்சுது?" என்று கேட்டார் பேராசிரியர் ஹால்டேன்.

தலைப்பில் 1962 என்று அச்சிட்ட தாள். எத்தனை மாதம் என்று எழுதத்தான் இடம் விட்டிருந்தார். எத்தனை வருடம் என்று எழுத இல்லை.

பக்கத்தில் வார்டர் கெட்லர். அவளைப் பொறுத்தவரை இது ஜெயில் காய்ச்சல். ஆண் வாடையே இல்லாத இடத்தில் பெண்ணுக்குப் பெண் மேலேயே வருமாம், ஜெயில் கேட்டைத் தாண்டினால் இறங்கிவிடுமாம். பேராசிரியர் இதையே நாற்பது பக்கத்துக்கு எழுதுகிறவர். அவ்வளவுதான் வித்தியாசம்.

காய்ச்சல்காரிகளுக்கு பரோல் உண்டு. வரும்போதே அப்படி வந்தவள் என்று எழுதிவிட்டால் பரோல் கிடையாது, மனநோய் ஆஸ்பத்திரிதான். வியாழக்கிழமை ஓபலுக்கு பரோல் விசாரணை.

"மெதுவாக் கேளுங்க சார். கம்பளிக் கோட்டு ஒண்ணைத் திருடிட்டு ஓடக்கூடத் தெரியாம கடை வாசல்லயே நின்ன மகராசி இவ. வாயைத் தொற, வெர்னா!" என்றாள் கெட்லர்.

என் ஃபைலில் 'புத்தி மந்தம்' என்று எழுதி வைத்ததும் அந்தப் புண்ணியவதிதான்.

பேராசிரியர் என்னைப் பரிவோடு பார்த்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கெட்லரின் வசவே தேவலை.

வெளியே தரை துடைக்கும் சத்தம் நின்றது. ஓபல்தான். அடுத்து அவளைக் கூப்பிடுவார்கள். இரண்டு பேர் பதிலும் ஒன்றாக இருக்க வேண்டும். குரலை உயர்த்தினேன்.

"நாலு மாசம் சார். சலவைக்கூடத்துலதான் அவளை மொதமொதல்ல பாத்தேன். புருஷன் ஞாபகம். வேற யாரு இருக்கா இங்க?"

அவர் முகம் மலர்ந்துவிட்டது. எனக்குப் புருஷனே கிடையாது. கையிலிருந்த ஃபைலைப் புரட்டினால் தெரியும். புரட்டவில்லை.

வெளியே துடைக்கும் சத்தம் மறுபடி ஆரம்பித்தது.

ஓபலின் ஃபைல் வேறு அலமாரியில் இருக்கிறது. இரண்டையும் ஒருநாளாவது பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால், வீட்டு விலாசம் ஒன்றுதான் என்று தெரிந்திருக்கும். பதினோரு வருடமாக ஒரே விலாசம்.

காசோலை மோசடி என்று ஓபலை முதலில் கொண்டுபோனார்கள். பெண்களுக்கு இந்த மாநிலத்திலேயே இந்த ஒரு ஜெயில்தான். சொந்தக்காரர்கள் மட்டும்தான் பார்க்கலாம். இரண்டு முறை வந்தேன். "நீ அவளுக்கு என்ன வேணும்?" என்று கேட்டு, ஜெயில் வாசலோடு விரட்டினார்கள்.

மூன்றாம் வாரம் ஊரிலேயே பெரிய கடைக்குப் போய், இருந்ததிலேயே விலை கூடிய கோட்டை மாட்டிக்கொண்டு, போலீஸ் வரும்வரை வாசலில் நின்றேன்.