பன்னிரண்டாயிரம் பேர் பார்த்த பூ

"அந்த வீடியோவ மொதல்ல எடுங்கறேன், காது கேக்குதா இல்லையா?"

"ஏனுங்க, ஏற்காட்டத் தாண்டி நம்ம கடை யாருக்குங்க தெரியும்? காலைல போட்டத பன்னெண்டாயிரம் பேரு பாத்துருக்காங்க. உங்களுக்குப் பொறாமை!"

"அடியே, பூ குடுக்கப் போன ஊட்டுல என்ன சொன்னாங்கன்னா..."

"ஒண்ணுஞ் சொல்ல வேண்டாம். இதோ, வீடியோ பாத்துட்டுத்தான் யாரோ கூப்புடறாங்க. நீங்களே கேளுங்க."

ஆர்டர் இல்லாமல் பூக்கடையை மூடிவிடலாம் என்றிருந்த ஜோதிமணிக்கு வீடியோதான் கடைசி நம்பிக்கை. கணவன் தனபாலுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டாள்.

"அக்கா, நம்மூரு பூக்கடையாச்சேன்னு வீடியோ பாத்தனுங்க. நொம்ப அழகாக் கட்டிருக்கீங்க."

"நொம்ப சந்தோசம் கண்ணு!" தனபாலைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள்.

"கடைசில ரிப்பன்ல ஒரு பேரு வருதுங்களே, கரடியூர் ரைட்டர் அங்கமுத்துன்னு?"

"ஆமா சாமி, அவரு கணக்கெழுதுன எஸ்டேட்டுல இருந்து ஆர்டர் குடுத்தாங்க. உங்களுக்குத் தெரிஞ்சவருங்களா?"

"எங்கப்பாங்க. லேசாக் காய்ச்சல், வந்து பாத்துட்டுப் போன்னு அண்ணன் சொல்லுச்சு. பெங்களூருல இருந்து பஸ்ல தனியா வந்துட்டிருக்கேன். அப்பாவுக்கு எதுக்குங்கக்கா மலர்வளையம்?"

மகள் வந்து சேரும்வரை சொல்ல வேண்டாம் என்று அந்த வீட்டில் மறைத்திருந்தார்கள். தனபால் சொல்ல வந்ததும் அதைத்தான். தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

"அக்கா, லைன்ல இருக்கீங்களா?"

ஜோதிமணி போனைத் தனபால் பக்கம் நீட்டினாள்.

நீங்கள் அந்தக் கடையில் நின்றிருந்தால் அந்தப் பெண்ணிடம் என்ன சொல்லியிருப்பீர்கள்? தயவுசெய்து எழுதுங்கள்.