குனிந்து பார்த்தால் பாலம்

"குனிய மாட்டேன்னா குனிய மாட்டேன். அறுபத்தெட்டு வயசுல, நாலு பேர் பார்க்க, பின்பக்கத்தைத் தூக்கிக் காட்டிட்டு நிக்கணுமா?"

குவாபாரா போட்ட சத்தத்தில், வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"எனக்காகங்க," என்றாள் அவர் மனைவி சுமியே. "ஒரே ஒரு தடவை. பார்த்துட்டு எப்படி இருக்குன்னு சொல்லுங்க, போதும்."

பக்கத்தில் குச்சியில் கோத்த அரிசி உருண்டைகளைச் சுட்டு விற்றுக்கொண்டிருந்த நோபுயோவுக்கு இந்தச் சண்டை புதிதல்ல. அமானோஹாஷிதாதேவைப் பார்க்க இந்த மலைக்கு வருகிற ஆண்களில் பாதிப் பேர் இப்படித்தான் முறுக்கிக்கொள்வார்கள். மலைக்குக் கீழே கடலைக் குறுக்காகக் கடக்கும் மணல்திட்டு, அது நெடுக பைன் மரங்கள். நேராகப் பார்த்தால் பாதி அழகுதான். கல்மேடையில் ஏறி, அதற்கு முதுகைக் காட்டி, காலை அகட்டிக் குனிந்து, கால்களுக்கு நடுவே பார்க்க வேண்டும். கடல் வானமாகிவிடும். மணல்திட்டு வானத்தில் போட்ட பாலமாகிவிடும். அதற்காகத்தான் இத்தனை ஜனம் வருகிறது.

"நீங்களும் ஏறுங்கம்மா, படம் எடுத்துத் தரேன்," என்றாள் நோபுயோ.

சுமியே தன் இடுப்பைத் தட்டிக் காட்டினாள். சட்டைக்குள் கெட்டியான பட்டை.

"முதுகுல ஆபரேஷன். உள்ள கம்பி வச்சிருக்காங்க. இனிமே குனியவே கூடாதாம். கைக்குட்டை கீழே விழுந்தாக்கூட இவர்தான் எடுத்துத் தரணும்."

கேட்டதும் நோபுயோவுக்கு மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"ஏன் சார், அவங்கதான் கேக்கறாங்கல்ல? குனிஞ்சா என்ன, தேஞ்சா போயிடுவீங்க?"

குவாபாரா அவளை முறைத்துவிட்டு மேடை ஏறினார். ரயில்வே ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர் என்பது ஏறியதுமே தெரிந்துவிட்டது. ரயிலை அனுப்பும் முன் ஒவ்வொன்றாய்ச் சரிபார்ப்பது போல விரலை நீட்டி, "இடது கால், சரி! வலது கால், சரி! பின்பக்கம் ஆள் இல்லை, சரி!" என்று உரக்கச் சொல்லிவிட்டுத்தான் குனிந்தார். வரிசையில் ஒரே சிரிப்பு.

குனிந்தவர் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு நிமிர்ந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு இறங்கினார்.

"எப்படிங்க இருந்தது?"

"எப்படி இருக்கும்? மணல் தலைகீழா இருந்தது. மரம் தலைகீழா இருந்தது. மண்டைக்கு ரத்தம் ஏறினதுதான் மிச்சம்."

"வேற ஒண்ணுமே தோணலையா?"

"ஒண்ணுமில்லை. டிக்கெட் தண்டம்."

சுமியேயின் முகம் வாடிப்போனது.

நோபுயோவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என்ன சார் இப்படிச் சொல்றீங்க? அம்மா, நான் சொல்றேன் கேளுங்க. அது எப்படி இருக்கும்னா..."

"உன் உருண்டையைப் பாரும்மா, கருகுது!" என்று சீறினார் குவாபாரா. "வியாபாரப் பேச்செல்லாம் அவகிட்ட வேண்டாம். வா சுமியே, போகலாம்."

போய்விட்டார்கள். என்ன மனுஷன் இவர்! பெண்டாட்டி ஆசையாய்க் கேட்டதற்குப் பொய்யாகவாவது ஒரு நல்ல வார்த்தை சொல்லக் கூடாதா? இவருக்கெல்லாம் ஊர் சுற்றல் ஒரு கேடா? அந்த எரிச்சலில் அடுத்து வந்த நாலு பேரின் உருண்டை மேல் நோபுயோ இனிப்புச் சாற்றைத் தாறுமாறாக ஊற்றிக் கொடுத்தாள்.

கால் மணி நேரத்தில் குவாபாரா மூச்சிரைக்கத் திரும்பி வந்தார். தனியாக.

"தொப்பியை மறந்துட்டேன்."

தொப்பி அவர் தலையில்தான் இருந்தது.

நோபுயோ வாயைத் திறப்பதற்குள் மேடை ஏறிவிட்டார். இந்தத் தடவை காலையும் சரிபார்க்கவில்லை, பின்னால் யார் நிற்கிறார்கள் என்றும் பார்க்கவில்லை. தொப்பியை ஒரு கையால் அழுத்திக்கொண்டு குனிந்தவர் நிமிரவே இல்லை. வரிசையில் இருந்தவர்கள் இருமிப் பார்த்தார்கள். ஒருவழியாக இறங்கியபோது கண் இரண்டும் கலங்கியிருந்தன.

"என்ன சார், ஒண்ணுமில்லாததைப் பார்க்க ரெண்டாவது தடவையா?" என்று குத்தினாள் நோபுயோ.

"அவகிட்ட சொல்லிடாதேம்மா," என்றார். "இவ்வளவு அழகுன்னு தெரிஞ்சா, பார்க்க முடியலையேன்னு காலம் பூரா ஏங்குவா. ஒண்ணுமில்லைன்னு சொன்னா இன்னையோட மறந்துடுவா."

நோபுயோவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. "சத்தியமா சொல்ல மாட்டேன் சார்," என்றாள்.

அவர் முகம் கழுவக் குழாயடிப் பக்கம் போனார். அந்த நேரம் பார்த்து சுமியே மெதுவாக நடந்து வந்தாள்.

"உங்களை ஒண்ணு கேக்கணும். மறைக்காம சொல்லணும்."

நோபுயோ முந்திக்கொண்டாள். "அந்தப் பாலம்தானேம்மா? சார் சொன்னது நிஜம். இருபது வருஷமா நானும் பார்க்கறேன், வெறும் மணல். அதுல ஒண்ணுமே இல்லை."

அந்தக் காட்சியை நம்பியே பிழைக்கிறவள், முகம் மாறாமல் சொல்லிவிட்டாள்.

சுமியே சிரித்துவிட்டாள்.

"பதினஞ்சு வயசுல, பள்ளிக்கூடத்துலேர்ந்து கூட்டிட்டு வந்தப்பவே நான் குனிஞ்சு பார்த்துட்டேம்மா. அந்த அழகைப் பார்த்து அன்னைக்குப் பூரா அழுதேன். இவரும் ஒரு தடவை பார்க்கணும்னுதான் இத்தனை வருஷ ஆசை. எனக்காகன்னு கெஞ்சலேன்னா இந்த மனுஷன் குனிவாரா? அதை விடுங்க. தொப்பியைத் தேடிட்டு வந்தாரே, இன்னொரு தடவை பார்த்தாரா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."