கொடி பிடித்த சைக்கிள்

சடையாண்டியின் செத்துப்போன மகன் வயல்வேலியில் சாய்த்துவைத்த சைக்கிளுக்கு நானூறு ரூபாய் விலை சொன்னார் பழைய இரும்பு வாங்கும் ஹனீபா. தீவனத்துக்கு விதைத்த சங்குப்பூக்கொடி ஏறி அதை மூடியிருந்தது. வயல் முழுக்க அறுக்கும் சடையாண்டி அங்கே மட்டும் அரிவாள் வைப்பதில்லை.

“கொடி காயட்டும் பாய், எடுத்துக்கிடுங்க.”

“நீங்கதான் தெனம் தண்ணி ஊத்துறீங்களே, எப்படிண்ணே காயும்?”

கோடையில் மற்றதெல்லாம் கருகியது. பசு வெறும் தொட்டியை நக்குவதைப் பார்த்துவிட்டு, ஒரு காலையில் சடையாண்டி சைக்கிள்மேல் இருந்த கொடியையும் அறுத்தார். கடைசிக் கொடி அறுந்ததும் சைக்கிள் சரிந்து விழுந்தது. வேலிக்கம்பு எப்போதோ மக்கியிருந்தது; கொடிதான் இத்தனை நாளும் நிறுத்தியிருக்கிறது.

“நின்னதுக்குத்தான் நானூறுண்ணே,” என்றார் அந்த வழியாக வந்த ஹனீபா, மெதுவாக. “விழுந்தது எடைக்குப் போயிரும்.”

சடையாண்டி தழைக்கட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தார். அன்று சாயங்காலம் பசு அரைப்படி கூடுதலாகக் கறந்தது.