பெயர்நாள் வாழ்த்து

ஓட்ரா ஆற்று வெள்ளம் வடிந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. சேதக் கணக்கெடுக்க நகராட்சிப் பெண் வந்தபோது, சேறு படிந்த கூடத்தில் வீட்டுக்காரி போகுமிலா, பக்கத்து வீட்டுக்காரர் செனோனோடு சண்டையில் இருந்தாள்.

“காப்பீடு இல்லாதவங்களுக்கும் அரசாங்கம் கொடுக்கணும். இல்லேன்னா பனிக்காலத்துக்கு நான் எங்க போவேன்?”

“எதுக்குக் கொடுக்கணும்? எடுக்காதது உங்க தப்பு,” என்றார் அவர்.

ஏழு வருடமாக இதே பேச்சுதான்.

“இவர் நாக்கை மட்டும் ஆறு விட்டுட்டுப் போயிடுச்சு. நீ எழுதிக்கோம்மா, காப்பீடு இல்ல.”

“எழுதாதேம்மா, இருக்கு,” என்றார் செனோன். “வருஷா வருஷம், காலண்டர்ல உங்க பேர் போட்டிருக்கிற பெயர்நாளுக்குப் பூவோட ஒரு உறை குடுத்தேனே, எங்க?”

“மாதா படத்துக்குப் பின்னாடி சொருகிட்டேன். உள்ளயும் இதே பிரசங்கம்தானேன்னு பிரிக்கல.”

படம் வெள்ளத்துக்கு எட்டாத உயரத்தில் தொங்கியது. ஏழு உறைகளில் கடைசியைப் பிரித்துப் படித்தாள் அந்தப் பெண்.

“உங்க வீட்டுக்கு வெள்ளக் காப்பீடும்மா. இந்த வருஷம் வரைக்கும் இவர் கட்டியிருக்கார்.”

போகுமிலா அதை வாங்கித் தானும் படித்துப் பார்த்தாள்.

“சொல்லியிருக்கலாமே?”

“சொன்னா வாங்கியிருப்பீங்களா?”

அவள் ஒரு நாற்காலியைத் துடைத்து அவரிடம் நகர்த்தினாள். “இப்பச் சொல்லுங்க. அரசாங்கம் கொடுக்கணுமா, வேண்டாமா?”

“கொடுக்கத்தான் வேணும்,” என்று உட்கார்ந்தார் செனோன். “எல்லாருக்கும் பக்கத்து வீட்டுல நான் இருக்க முடியுமா?”